ஊசிமுனையும் பனிப் பள்ளத்தாக்கும்

ஊசிக்குக் குழந்தைகள் அஞ்சுவது இயல்பு என்றும், வளர வளர அந்த அச்சம் தானே விலகிவிடும் என்றும், ஆகவே அழுதாலும் திமிறினாலும் இறுக்கிப் பிடித்துக் காரியத்தை விரைவாக முடித்துவிடுவதே எல்லோருக்கும் நல்லது என்றும் மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. இதில் முதல் கூற்று மட்டுமே உண்மை. கனடாவின் டொரண்டோ நகரில் பெற்றோரிடமும் குழந்தைகளிடமும் எடுக்கப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், குழந்தைகளில் 63 விழுக்காட்டினர் ஊசிக்கு அஞ்சுவதாகக் கூறினர். பெற்றோரிலும் 24 விழுக்காட்டினர் அதையே கூறினர். நான்கு பெரியவர்களில் ஏறத்தாழ ஒருவரிடம் அந்த அச்சம் தங்கியே இருக்கிறது என்பதும், அவர்களில் ஒரு சாரார் தடுப்பூசியைத் தவிர்ப்பதற்கு அதுவே முதன்மைக் காரணமாக அமைகிறது என்பதும் அக்கணக்கெடுப்பிலிருந்து தெரிந்தன. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காமல் தள்ளிப்போடுவதும், பல் மருத்துவரிடம் செல்லாமல் வலியைப் பொறுத்துக்கொண்டே காலம் கடத்துவதும் பல வேளைகளில் ஐந்து வயதில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட ஒரு கையிலிருந்து தொடங்குகின்றன.

ஊசி என்ற ஒரே சொல்லுக்குள் பலவகைச் சிகிச்சைகள் அடங்கியிருப்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். தோள்பட்டைத் தசையில் போடப்படும் தடுப்பூசி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. சிரையிலிருந்து ரத்தம் எடுப்பது அதைவிட நீண்டது. சிரை எளிதில் பிடிபடாத குழந்தைக்கு இரண்டு, மூன்று முறை குத்த நேர்வதும் உண்டு. மருந்தும் திரவமும் செலுத்துவதற்காகச் சிரைக்குள் நாட்கணக்கில் விட்டுவைக்கப்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயான கேனுலாவைப் பொருத்துவது இன்னும் சிக்கலானது. முதுகெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தித் தண்டுவடத் திரவத்தை எடுப்பது எல்லாவற்றிலும் கடினமானது. ஆண்டுக்கு ஓரிரு முறை ஊசியைக் காணும் குழந்தைக்கும், சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியாக் குழந்தைக்கும், நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல்வகை நீரிழிவுக் குழந்தைக்கும், இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்கும் ஊசிப் பயம் ஒரே பொருளுடையதன்று. பின்னவர்களுக்கு அது வாழ்க்கையின் ஒரு பகுதி. அவர்களுடைய பயத்தைக் கவனிக்காமல் விடுவது சிகிச்சையின் ஒரு பாதியைக் கவனிக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

இதற்குச் சான்றாகக் கூறத்தக்க ஓர் ஆய்வு 1998இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. எலும்பு மஜ்ஜையோ தண்டுவடத் திரவமோ எடுக்கப்பட வேண்டிய புற்றுநோய்க் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முதன்முறை ஃபென்டனில் என்னும் வலிநீக்கி கலந்த மிட்டாயும், எஞ்சியோருக்கு மருந்தே இல்லாத போலி மிட்டாயும் தரப்பட்டன. அடுத்தடுத்த முறைகளில் எல்லோருக்கும் உண்மையான மருந்தே கிடைத்தது. ஆயினும் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களில், முதன்முறை போலி மிட்டாய் பெற்றவர்கள் பின்னர் மருந்து பெற்ற வேளைகளிலும் மற்றவர்களைவிட மிகுதியான வலியையே உணர்ந்தனர். முதல் அனுபவத்தின் நினைவு பிந்தைய மருந்தின் வேலையைக் கெடுத்துவிட்டது. பச்சிளங் குழந்தைகளுக்கு வலி தெரியாது என்று நம்பி அவர்களுக்குப் போதிய வலிநீக்கி தராமலே அறுவை செய்யும் வழக்கம் 1980களிலும் நீடித்திருந்தது என்பதையும், அது எவ்வளவு தீங்கானது என்பதை இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த மருத்துவர் கே. ஜே. எஸ். ஆனந்த் 1987இல் மெய்ப்பித்துக் காட்டிய பிறகே அவ்வழக்கம் மாறத் தொடங்கியது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணும்போது, குழந்தையின் வலியை மருத்துவம் எவ்வளவு தாமதமாகக் கவனித்தது என்பது விளங்கும்.

வலி என்பது உடலில் ஏற்பட்ட சேதத்தின் நேர் அளவீடு அன்று. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறை, வலியை ஓர் உணர்ச்சி அனுபவமாகவும் புலனுணர்வாகவும் ஒருசேரக் காண்கிறது. உண்மையான திசுச் சேதம் இன்றி, சேதம் நேரக்கூடும் என்ற நிலையிலும் வலி எழலாம் என்று அது ஏற்றுக்கொள்கிறது. ஊசி தோலைத் துளைக்கும்போது மெல்லிய உறை போர்த்த ஏ-டெல்டா நரம்பிழைகள் விரைவாகக் கொண்டுசெல்லும் கூர்மையான குத்தலும், உறையற்ற சி நரம்பிழைகள் மெதுவாகக் கொண்டுசேர்க்கும் கடுப்பும் முதலில் தண்டுவடத்தை அடைகின்றன. அங்கிருந்து மேலே செல்லும் செய்தி எவ்வளவு என்பதைத் தண்டுவடமே ஓரளவு தீர்மானிக்கிறது என்ற கருத்தை ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் முன்வைத்தனர். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாகவும், தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகளும் மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும் அக்கதவைச் சாத்தக்கூடியவை என்றும் கொள்ளும் இக்கோட்பாடு, கதவுக் கட்டுப்பாட்டுக் கோட்பாடு எனப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி தணிவதன் காரணம் அதன் முற்பகுதியில் இருக்கிறது. ஊசி வலியைக் குறைக்க இப்போது முயன்று பார்க்கப்படும் மெய்நிகர் கருவி, அதாவது தலையில் மாட்டியவரைக் கணினி உருவாக்கிய உலகத்துக்குள் இருப்பதாக உணரச் செய்யும் கருவி, அக்கோட்பாட்டின் பிற்பகுதியை, அதாவது மேலிருந்து கீழிறங்கும் கட்டளையைச் சார்ந்து வேலை செய்கிறது.

கவனம் வேறெங்கோ சென்றால் வலி குறைவது கற்பனையா, அல்லது நரம்பு மண்டலத்தில் உண்மையிலேயே ஏதேனும் மாறுகிறதா என்ற ஐயத்துக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் 2012இல் விடை கண்டனர். கையில் வலிதரும் வெப்பத்தைப் பெற்றுக்கொண்டே கடினமான நினைவாற்றல் பயிற்சியில் ஈடுபட்டவர்களின் தண்டுவடத்தைக் காந்த அலைப் படக்கருவியில் பார்த்தபோது, பயிற்சி கடினமாக இருந்த வேளையில் தண்டுவடத்திலேயே வலிச் செய்தி குறைந்திருந்தது. உடலே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருட்களின் செயலைத் தடுக்கும் நாலக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்ததும் வலி தணியும் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. ஆழ்ந்த கவனம் உடலின் சொந்த வலிநீக்கியைத் திறந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். ஆனால் அச்சம் இதற்கு நேர்மாறான திசையில் இழுக்கும். ஊசி வரப்போகிறது என்று எதிர்பார்த்திருக்கும் குழந்தையின் கவனம் முழுவதும் கையிலேயே குவிந்திருப்பதால், பஞ்சு படும் குளிர்ச்சிகூட வலியாகத் தோன்றுகிறது. ஆகவே அச்சத்தைக் குறைப்பதையும் வலியைக் குறைப்பதையும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்க முடிவதில்லை.

மெய்நிகர் உலகத்தை வலிக்கு எதிராகப் பயன்படுத்தும் முயற்சி ஊசியில் தொடங்கவில்லை, தீக்காயத்தில் தொடங்கியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இதை மேற்கொண்டனர். தீக்காயம் பட்டவருக்குக் காயத்தைவிட அதை நாள்தோறும் கழுவிக் கட்டுவதே கொடுமை. அபின் சார்ந்த வலிநீக்கிகள் கொடுத்த பிறகும் கட்டு மாற்றும்போது வலி கடுமையாகவே இருக்கும். ஹாஃப்மன் அதற்கு முன் சிலந்திப் பயத்தைத் தீர்ப்பதற்காக மெய்நிகர்ச் சமையலறை ஒன்றைக் கணினியில் உருவாக்கி வைத்திருந்தார். வேறு எதுவும் கையில் இல்லாததால், தீக்காயம் பட்ட 16, 17 வயதுள்ள இரண்டு பையன்கள் முதலில் அந்தச் சமையலறைக்குள்தான் அனுப்பப்பட்டனர். சாதாரண நிண்டெண்டோ விளையாட்டில் ஈடுபட்ட நிமிடங்களோடு ஒப்பிடுகையில் மெய்நிகர் உலகில் இருந்த நிமிடங்களில் இருவரும் தெரிவித்த வலி வெகுவாகக் குறைந்திருந்தது. இந்த முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிலந்திக்கென்று கட்டிய சமையலறை தீக்காயத்துக்கு உதவியது தற்செயல்தான். எனினும் தீயை மறக்கப் பனியைக் காட்டலாம் என்ற எண்ணம் விரைவில் உருப்பெற்று, பனி மூடிய பள்ளத்தாக்கில் மிதந்து சென்றபடி பனிமனிதர்கள் மீதும் பென்குயின்கள் மீதும் பனியுருண்டைகளை எறியும் ஸ்னோவேர்ல்டு என்னும் விளையாட்டு உருவானது. 2004இல் எட்டு நலமான ஆடவர்களிடம் அவர்கள் நடத்திய ஆய்வில், ஸ்னோவேர்ல்டில் இருந்தபோது வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளில் செயல்பாடு பாதிக்கும் மேலாகக் குறைந்தது காந்த அலைப் படங்களில் பதிவாயிற்று. வலியோ வெறுமனே வாயால் சொல்லப்படுவது, அதை நம்பலாமா என்று கேட்டவர்களுக்கு இப்படங்களே விடையாயின.

தொலைக்காட்சிப் பெட்டியில் கார்ட்டூன் ஓடினாலும் குழந்தையின் கவனம் திரும்பத்தான் செய்கிறது. அப்படியிருக்கத் தலையில் மாட்டும் இந்தக் கருவிக்கு அப்படி என்ன கூடுதல் வலிமை என்று கேட்கலாம். இதன் உள்ளே இரு கண்களுக்கும் தனித்தனியாகச் சிறிது வேறுபட்ட இரண்டு படங்கள் காட்டப்படுகின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாக்கிக்கொள்கிறது. தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் உணரிகள் அதை அறிந்து, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காட்சியை மாற்றியமைக்கின்றன. இந்த மாற்றம் தாமதமானால் குமட்டல் வருவதால், 20 மில்லிநொடிகளுக்குள் அது நிகழவேண்டும் என்பது பொறியாளர்களின் இலக்கு. இவற்றோடு முக்கியமான இன்னொன்றும் உண்டு: கருவி கண்ணை முழுவதும் மூடிவிடுவதால் மருத்துவமனையே குழந்தையின் பார்வையிலிருந்து மறைந்துபோகிறது. தொலைக்காட்சியைப் பார்க்கும் குழந்தை ஓரக்கண்ணால் ஊசித் தட்டையும் பார்த்துக்கொண்டேயிருக்கும். தட்டில் கிடக்கும் சிரிஞ்சும், கையுறையை இழுத்து மாட்டும் செவிலியரும், முகம் வெளிறி நிற்கும் தாயும் கண்ணில் படாமல் போவதே பாதிப் பயத்தைக் குறைக்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது. தலையை அசைத்தும் கையில் உள்ள பொத்தானை அழுத்தியும் அந்த உலகில் எதையேனும் செய்ய முடிவதால், எல்லாமே தன்மீது நிகழ்த்தப்படும் அறையில் ஒரு சிறிய அதிகாரமும் குழந்தைக்குக் கிடைக்கிறது.

ஊசியை நோக்கி இந்த ஆய்வுகள் நகர்ந்தது அடுத்த கட்டம். அட்லாண்டா நகரின் விலங்குக் காட்சிச் சாலைக்காக ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாக்கப்பட்டிருந்த மெய்நிகர்க் கொரில்லாக் கூடத்தை, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மார்புத் தோலுக்கடியில் பதித்துள்ள மருந்து வாயிலில் ஊசி ஏற்றப்பட வேண்டிய 7 முதல் 19 வயது வரையிலான 59 பேரிடம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஜெஃப்ரி கோல்டு 2006இல் வெளியிட்ட ஆய்வு 20 குழந்தைகளைக் கொண்ட சிறிய ஆய்வுதான். படப்பரிசோதனைக்கு முன் கேனுலா பொருத்தப்பட்ட அவர்களில், கருவி அணியாதவர்கள் தெரிவித்த வேதனை கூடியது. அணிந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அவரே 2018இல் 10 முதல் 21 வயது வரையிலான 143 பேரிடம், அவர்களுடைய பெற்றோரையும் ரத்தம் எடுக்கும் பணியாளரையும்கூடச் சேர்த்துக் கேட்டு நடத்திய பெரிய ஆய்வில் வலியும் பதற்றமும் குறைந்ததோடு, நெஞ்சு படபடப்பதையும் மூச்சு வாங்குவதையும் கண்டே மேலும் அஞ்சும் இயல்புடையவர்களுக்குப் பயன் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. மிகவும் தேவைப்படுபவருக்கே மிகுதியாக உதவும் மருத்துவ முறைகள் அரிது என்பதால் இந்த முடிவைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை கூறிய விளையாட்டுகள் எல்லாம் குழந்தையைக் கையிலிருந்து தொலைவாக அழைத்துச் செல்ல முயன்றவை. ஆனால் கை அங்கேயேதான் இருக்கிறது. கொரில்லாக் கூடத்தின் நடுவே திடீரென்று சுருக்கென்று குத்தினால் மாயை கலைந்து, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் குறையை உணர்ந்து, தோலில் நிகழ்வதையே கதைக்குள் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மருத்துவர் எவலின் சான் குழுவினர் உருவாக்கிய ஸ்மைலிஸ்கோப். குழந்தை கடலுக்கடியில் பயணம் செய்கிறது. செவிலியர் கிருமிநீக்கிப் பஞ்சால் முழங்கை மடிப்பைத் துடைக்கும் அதே நேரத்தில் கதையில் அலைகள் வந்து கையை நனைத்துச் செல்கின்றன. ஊசி நுழையும் நொடியில் சிறு மீன்கள் கையைக் கொறிக்கின்றன. தோலில் பட்ட குளிர்ச்சிக்கும் குத்தலுக்கும் மூளை தேடும் காரணத்தைக் கதையே முன்கூட்டி எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மெல்போர்னின் இரண்டு மருத்துவமனைகளில், ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவிலும் மற்றொன்றில் ரத்தப் பரிசோதனைப் பிரிவிலுமாக, 4 முதல் 11 வயது வரையிலான 252 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வு 2019இல் வெளியானது; இரண்டு இடங்களிலும் கருவி அணிந்தவர்களின் வலியும் பதற்றமும் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. பிரேசில் நாட்டின் ஹெர்மிஸ் பார்தினி என்னும் மருத்துவப் பரிசோதனை நிறுவனம் 2017இல் தடுப்பூசிக்கென்று தயாரித்த படமும் இதே வழியைப் பின்பற்றியது: நாட்டைக் காக்கப் புறப்படும் வீரராகிய குழந்தையின் கையில் குளிர்ச்சியும் பின்னர் நெருப்புக் கனியின் சூடும் பட்டுக் கவசம் உருவாகிறது, அதே கதையைத் தனித்திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் செவிலியர் அந்தந்தக் கட்டத்துக்கேற்பத் துடைத்து ஊசி போடுகிறார். இங்கே திறமை கருவியில் மட்டுமில்லை, கதையும் கையும் ஒரே நொடியில் சந்திப்பதில் இருக்கிறது. பஞ்சு இரண்டு நொடி முந்திவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

இந்த முடிவுகளைக் கண்டு மருத்துவமனைகள் உடனே கருவி வாங்கப் புறப்படுவதற்கு முன், எதிர்த்திசையில் நிற்கும் சான்றுகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 7 முதல் 16 வயது வரையிலான 64 குழந்தைகளுக்குக் கேனுலா பொருத்தும்போது, ஒரு பாதியினருக்கு மெய்நிகர் கருவியும் மறு பாதியினருக்குக் கைப்பேசி விளையாட்டும் தரப்பட்டன. 2019இல் வெளியான முடிவில் இரு குழுவினரின் வலியில் புள்ளியியல் அடிப்படையிலான வேறுபாடு எதுவுமில்லை. காரணம் தேடுபவர் கருவியைக் குறை கூறுவதற்கு முன் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த மருத்துவமனையில் இரு குழுவினருக்குமே தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு முன்கூட்டிப் பூசப்பட்டிருந்தது, குழந்தைகளைக் கையாளப் பயிற்சி பெற்ற செவிலியர் அருகில் இருந்தார், குழந்தை வசதியாக அமர்த்தப்பட்டிருந்தது. இவ்வளவும் செய்தபின் எஞ்சிய வலியே சிறிதாகிவிட்டது. அதைக் குறைக்கக் கருவிக்குப் பெரிதாக வேலையில்லை. வழக்கமான கவனிப்பு என்று ஓர் ஆய்வு கூறும்போது அந்த வழக்கம் எத்தகையது என்று கேட்காமல் அதன் முடிவை எடைபோட முடியாது. கையைப் பிடித்து அழுத்துவதே வழக்கமாக உள்ள இடத்தில் எந்தக் கருவியும் அற்புதமாகத்தான் தோன்றும்.

மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 17 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,008 குழந்தைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, கிடைத்துள்ள சான்றின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்றே தீர்ப்பளித்தது. ஆய்வுகள் சிறியவை, அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பன ஒருபுறமிருக்க, தவிர்க்கவே முடியாத ஒரு சிக்கலும் இத்துறையில் உண்டு. மருந்தைச் சோதிக்கும்போது போலி மாத்திரையைக் கொடுத்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை நோயாளியிடமிருந்தும் ஆய்வாளரிடமிருந்தும் மறைத்துவிடலாம். தலையில் கருவி மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதை யாரிடமிருந்தும் மறைக்க இயலாது. புதிய விளையாட்டுப் பொருள் கிடைத்த மகிழ்ச்சியிலேயே குழந்தை வலியைக் குறைத்து மதிப்பிடக்கூடும். குழந்தைகளின் வலியை அளக்கச் சிரித்த முகம் முதல் அழுத முகம் வரை வரைந்துள்ள முக அளவுகோல்களே பெரிதும் பயன்படுகின்றன; அழுகையும் அச்சமும் வலியும் ஒன்றோடொன்று கலந்துள்ள ஐந்து வயதுக் குழந்தை ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டும்போது மூன்றில் எதைச் சொல்கிறது என்பது எப்போதும் தெளிவாவதில்லை. இதற்காகவே அச்சத்துக்கென்று தனி முக அளவுகோல் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டது. பலவீனமான சான்று என்பது பயனில்லை என்பதற்குச் சான்று ஆகாது. பெருந்தொகையைச் செலவிடும் முன் நிதானிக்க வேண்டும் என்பதே அதிலிருந்து கொள்ளத்தக்கது. இத்தனை ஐயங்களுக்கிடையிலும் ஊசிக்கான துணைக்கருவியாக ஸ்மைலிஸ்கோப்பை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் அனுமதித்துள்ளது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஏற்றதுமன்று. தடுப்பூசிகளில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் போடப்படுகிறது; அவ்வயதில் தலைக்கருவிக்கு இடமே இல்லை. ஆய்வுகள் பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேல்தான் தொடங்குகின்றன. பெரியவர்களின் கருமணிகளுக்கிடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு; குழந்தைக்கு அது குறைவு; பெரியவர்களின் கண்ணுக்கு அளவெடுத்த லென்ஸ்கள் வழியே பார்க்கும் சிறுமிக்குக் காட்சி மங்கலாகத் தெரிவதோடு கண்ணும் களைத்துப்போகும். வீட்டு விளையாட்டுக்கென்று விற்கப்படும் கருவிகள் சில பத்து வயதுக்குக் குறைந்தோருக்கு உரியவையல்ல என்று அவற்றைத் தயாரிப்போரே அறிவிக்கின்றனர். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே வாந்தியும் தலைச்சுற்றலும் உள்ளவர்களுக்கும், தலையிலோ முகத்திலோ காயம் பட்டவர்களுக்கும் இதைத் தவிர்ப்பதே முறை. ஒரு குழந்தையின் நெற்றியில் பட்ட பட்டை அடுத்த குழந்தையின் நெற்றிக்குப் போவதால், ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ரத்தத்தையும் ஊசியையும் கண்டதும் இதயத்துடிப்பு ஒருகணம் உயர்ந்து, பின்னர் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து சரிந்து மயங்கி விழும் வகையினர் சிலர் உண்டு. அவர்களுக்குக் கை, கால், வயிற்றுத் தசைகளை விட்டுவிட்டு இறுக்கி ரத்த அழுத்தத்தை உயர்த்தப் பழக்கும் முறையை ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் வகுத்துள்ளார். அவர்களைத் தளர்வாக்கி அமைதிப்படுத்துவது மயக்கத்தை விரைவுபடுத்தவும் கூடும்.

கண்ணை மூடிவிடுவதையே விரும்பாத குழந்தைகளும் உண்டு. ஊசி எப்போது வருகிறது, எங்கே நுழைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் சிலருக்குத் துணிவு வரும். அவர்களைக் கருவிக்குள் அடைப்பது உதவியின் பெயரால் இன்னொரு வகைக் கட்டாயம் ஆகிவிடுகிறது. எனவே நல்ல மருத்துவமனைகளில், கருவி வேண்டுமா வேண்டாமா என்பதும், வேண்டுமானால் எந்தக் கதை என்பதும் குழந்தையிடமே கேட்கப்படுகின்றன. கருவி மாட்டியிருக்கும்போதே சொல்லாமல் ஊசி போட்டுவிடலாம் என்ற எண்ணமும் சிலருக்கு எழுவதுண்டு. அது ஒருமுறை மட்டுமே பலிக்கும்; அடுத்த முறை அந்தக் கருவியைக் கண்டாலே குழந்தை அலறும்.

தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வேரும் இருக்கிறது. சோறு உண்ண மறுத்தாலும், தெருவில் ஓடினாலும், சொன்ன பேச்சைக் கேட்காவிட்டாலும் ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்’ என்று மிரட்டுவது ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் கேட்கக்கூடிய பேச்சு. ஊசி ஒரு தண்டனை என்று ஆண்டு முழுவதும் கற்பிக்கப்பட்ட குழந்தை, மருத்துவமனைக்குள் நுழைந்ததும் தான் செய்த தவறு எது என்று தேடுவதில் வியப்பில்லை. அங்கே வந்ததும் அதே வாய் ‘வலிக்கவே வலிக்காது’ என்கிறது. அடுத்த நிமிடம் வலிக்கிறது. ‘ஒண்ணுமில்லை, பயப்படாதே’ என்று மீண்டும் மீண்டும் ஆறுதல் சொல்வதும் பெரும்பாலும் குழந்தையின் பதற்றத்தைக் கூட்டவே செய்கிறது என்று இத்துறை ஆய்வுகள் கண்டுள்ளன. பயப்பட ஏதோ இருப்பதால்தான் பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று குழந்தை ஊகித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணமாகலாம். இதை எந்தத் தலைக்கருவியும் சரிசெய்யப் போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பதற்காக 2015இல் வெளியிட்ட பரிந்துரைகளில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. பெற்றோர் உடனிருப்பது, கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடுவது, சற்று வளர்ந்த குழந்தையைப் படுக்க வைத்து அழுத்தாமல் மடியில் நிமிர்த்தி அமர்த்திக்கொள்வது, ஒரே நாளில் பல ஊசிகள் இருந்தால் மிகவும் வலிப்பதைக் கடைசியில் போடுவது, தசையில் செலுத்திய ஊசியின் பிஸ்டனைப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுவது, செவிலியர் அமைதியாக, மிகைப்படுத்தாத சொற்களில் பேசுவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பைப் பூசி ஒரு மணி நேரம் காத்திருந்தால் தோல் மரத்துப்போகும் என்றாலும், விலையையும் நேரத்தையும் கருதி அதை எல்லா நாடுகளின் பொதுத் தடுப்பூசித் திட்டங்களுக்கும் அந்நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. நெரிசல் மிகுந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மணி நேரக் காத்திருப்பு நடைமுறைக்கு ஒத்துவராது என்பது உண்மைதான். மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வரும் தலசீமியாக் குழந்தைக்கு அது ஒத்துவரும். எந்த நாளில் எத்தனை மணிக்கு ஊசி என்பது அங்கே முன்கூட்டியே தெரியும். தலைக்கருவிக்கும் இதே கணக்குதான் பொருந்தும். நூறு குழந்தைகள் வரிசையில் நிற்கும் தடுப்பூசி முகாமில் அதை மாட்டிக் கழற்றித் துடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதே குழந்தைகள் மீண்டும் மீண்டும் வந்து பழகும் புற்றுநோய்ப் பிரிவிலும் ரத்தம் ஏற்றும் பிரிவிலும் ஒன்றிரண்டு கருவிகளே பல ஆண்டுகளுக்குப் பயன்படும். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ இதற்காகப் பணம் ஒதுக்குவதாயின், முதல் கருவி போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பிரிவுகள்தாம். வரவேற்பறையின் விளம்பரப் பலகைக்கு அருகில் அன்று.

கருவி வந்துசேராத இடத்திலும் பெற்றோர் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். மரத்துப்போகும் களிம்பு கிடைக்குமா, முன்கூட்டி வந்து பூசிக்கொள்ளலாமா, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா, எந்தக் கையில் போடுவது என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கலாமா என்பவை அக்கேள்விகள். குழந்தை வலிக்குமா என்று கேட்டால், கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், சீக்கிரம் போய்விடும் என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். ஊசியைக் காட்டி மிரட்டுவதை மட்டும் இன்றே நிறுத்திவிட வேண்டும்.